விட்டுப்போன இனிஷியல்

நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் முப்பத்தொரு வருஷமாகத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர் கோ. ரெத்தினம். கஜா புயலில் கரண்ட் இல்லாத ஒன்பது நாளும் ஜெனரேட்டரை வைத்து ஊருக்குத் தண்ணீர் ஏற்றியவர். அதை அவரே ஓராயிரம் தடவை சொல்லிவிட்டதால் ஊருக்குச் சலித்துப்போயிருந்தது.

கிராமசபையில் நடுத்தெருவுக்குப் புதுப் பெயர் கேட்டார்கள். "நம்ம ரெத்தினம் பேரை வைக்கலாம்" என்று யாரோ சொல்ல, பந்தலே கைதட்டியது. இவர் எழுந்து கும்பிட்டுவிட்டார்.

"சித்தப்பா, நீங்க உக்காருங்க. போன வருஷம் தவறிப்போன கம்பவுண்டரைச் சொல்றாங்க" என்றார் ஊராட்சித் தலைவர் மதிவதனி. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

கம்பவுண்டர் கா. ரெத்தினம், வரப்பில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஊசி போட்டவர். ஊசிதானே போட்டான் என்பது இவர் கட்சி. அதே வயது, அதே பள்ளிக்கூடம், அதே பெயர். இருந்தபோது மரியாதையை வாரிக்கொண்டது போதாதென்று, போய்ச் சேர்ந்த பிறகு தெருவையும் எடுத்துக்கொண்டானே என்று இவருக்கு வயிறு எரிந்தது.

பலகை வந்தது. எழுதியவர் இனிஷியலை விட்டுவிட்டார். வெறும் 'ரெத்தினம் தெரு'. ஏணி இவரிடம் இருந்ததால், "முன்னாடி ஒரு 'கா' மட்டும் போட்டுடுங்க சித்தப்பா" என்று பெயின்ட் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார் மதிவதனி. போடுவாரா இவர்? பிரஷ் சரியில்லை, மழை, ஏணிப்படி ஆடுகிறது என்று இரண்டு மாதம் ஓட்டினார். பார்சல் கொண்டுவருகிறவர்கள் "உங்க பேர்லயே தெருவா சார்?" என்று கேட்டால், "ஏதோ, ஊர்க்காரங்க ஆசைப்பட்டாங்க" என்று வாய் கூசாமல் சொன்னார்.

ஒருநாள் அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பினால், குழாயடியில் குடத்தோடு ராசம்மாள். கம்பவுண்டரின் மனைவி.

"அந்த எழுத்தைப் போட வேணாம்ண்ணே. அவரைத் தெரிஞ்சவங்களுக்கு எழுத்து எதுக்கு? உங்களுக்குச் சந்தோஷம்னா அப்படியே இருக்கட்டும். அவரு இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாரு" என்றாள்.

கேலியில்லை, மனசாரத்தான் சொன்னாள். அதுதான் சுட்டது. திட்டியிருந்தால் இன்னும் இரண்டு மாதம் ஓட்டியிருப்பார். செத்தவன் இவருக்குத் தெருவை இனாமாகக் கொடுப்பதா? அதற்கும் அவனையல்லவா ஊர் புகழும்!

அன்று மோட்டாரைக்கூடப் போடாமல் ஏணியைச் சாத்தி ஏறினார். ஆத்திரத்தில் எழுத்து பெருத்துப்போனது. இறங்கி, தெருமுனைவரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து பார்க்க, அந்தக் 'கா' மட்டும்தான் தெரிந்தது.