தாவீது சொன்ன எலிக் கதை

எங்க அண்ணன் தாவீது வாயில்லாப்பூச்சின்னு தாராவியில எல்லாருக்கும் தெரியும். வாயத் திறந்து நாலு வார்த்தை பேசினது ஒரே ஒரு நாள்தான். அன்னைக்கே குடி முழுகிப்போச்சு.

டிராம்பே பக்கம் ஒரு மருந்து லேப்ல அவனுக்கு எலி பாத்துக்கிற வேலை. கூண்டு கழுவணும், தீனி போடணும், ஊசி போட வாற மேடத்துக்கு எலியப் பிடிச்சுக் குடுக்கணும். அங்க ரெண்டு வகை எலி. மூளையில டோபமினக் கிளப்பிவிடுற மருந்து, ரெண்டுக்கும் ஒரே அளவுதான் ஏத்துவாங்களாம். ஒரு வகை பேய் பிடிச்ச மாதிரி சுத்திச் சுத்தி ஓடும், கம்பியப் போட்டுக் கடிக்கும். இன்னொரு வகை மோந்து பாத்துட்டு மூலையில சும்மா கெடக்கும். "பிறவியிலயே அப்படி, பரம்பரை"ன்னு மேடம் சொன்னாங்களாம்.

அத அண்ணன் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டான். பிடிக்காம என்ன செய்வான்? மகன் சாஜன் எம்.டி.ங்கிற போதைப் பவுடருக்கு அடிமையாக் கெடக்கான். அவன்கூடச் சேந்து இழுத்த பயலுவ எல்லாம் விட்டுட்டு வேலைக்குப் போறானுவ. இவன் மட்டும் எந்திரிக்கவே இல்ல. கொழுப்பெடுத்த பயன்னு சொந்தக்காரங்களே காறித் துப்புறாங்க. பெத்த மனசு எரியாதா?

இந்த நேரத்துலதான் அண்ணன் மக அனிஷாவப் பொண்ணு பாக்க செம்பூர்ல இருந்து வந்தாங்க. அவளுக்கும் பையனுக்கும் ஒருத்தர ஒருத்தர் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. கிளம்புற நேரத்துல பையனோட அம்மா, "உங்க மகனப் பத்தி ஒரு மாதிரி கேள்விப்பட்டோமே?"ன்னாங்க. நான் சமாளிக்கிறதுக்குள்ள அண்ணன் ஆரம்பிச்சிட்டான். எலி, ஊசி, பரம்பரை, எல்லாத்தையும் கொட்டிட்டான். "அவன் மேல தப்பு இல்லம்மா. எங்க ரத்தம் அப்படி."

"அப்ப பொண்ணுக்கும் அதே ரத்தம்தானே?"ன்னு கேட்டாங்க அந்தம்மா.

எனக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. இல்லன்னு ஒரு வார்த்தை வரல அண்ணனுக்கு, பாவி மனுசன்.

மறுநாள் மேடத்துக்கிட்டயே போய்க் கேட்டிருக்கான். லேப் எலிய கூடப்பிறந்ததுக்குள்ளயே தலைமுறை தலைமுறையா இணை சேத்து வளக்காங்களாம். அதான் ஒரு வகைன்னா எல்லாம் ஒண்ணுபோல இருக்குமாம். மனுசன் அப்படி இல்ல, ஒரு வயித்துப் பிள்ளைகளே வேற வேறன்னாங்களாம். செருப்பக் கூடக் கழட்டாம ஓடி வந்து அனிஷாகிட்டச் சொன்னான், "உனக்கு ஒண்ணும் இல்ல மக்கா, மேடமே சொல்லிட்டாங்க!"

செம்பூர்க்காரங்க வேண்டாம்னு அதுக்கு முன்னாடியே போன் பண்ணிட்டாங்க. அனிஷா அழக்கூட இல்ல.

"எனக்கு ஒண்ணும் இல்லன்னு உங்களுக்கு மேடம் சொல்லணுமாப்பா?"ன்னா.