ஊசிக்கு அஞ்சியவனின் கோப்பை

நான் மேடையேறினால் எதிரணியின் நா உலரும் என்பது எழுபதுகளின் தொடக்கத்தில் தருமபுரிக் கல்லூரியில் எனக்கிருந்த பெயர். எனக்கு ஈடாக நின்றவன் ஒருவனே. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து போனவன். சேலத்தில் நடக்கும் பேச்சுப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு இருவரில் யார் போவது என்பதே அந்த ஆண்டு எங்களுக்கு உலகமாக இருந்தது.

போட்டிக்குச் சில மாதங்கள் முன்பு கல்லூரியில் பல் மருத்துவ முகாம் நடந்தது. ஈறு மரத்துப்போகப் போடும் மருந்து ஒரே புட்டியில் இருந்தது, ஊசியும் ஒன்றே. அதை வெந்நீரில் முக்கி முக்கி எடுத்தார்கள். நாங்கள் இருவரும் சொத்தைப் பல்லை வலியின்றிக் கொடுத்துவிட்டு வந்தோம். மேடையில் எங்களுக்கு அடுத்த இடத்திலிருந்த பென்னாகரத்து நண்பன் மட்டும் ஊசியைக் கண்டதும் எழுந்துவிட்டான்.

"அப்படியே புடுங்கிடுங்க சார், ஊசி மட்டும் வேணாங்க."

அவனது அலறல் விடுதி வரை கேட்டது.

"மைக்கு வேணாத பேச்சாளன் நம்ம காலேஜுலயே இவன்தாண்டா" என்றான் பாப்பிரெட்டிப்பட்டிக்காரன்.

போட்டி நெருங்கிய வேளையில் எங்கள் இருவருக்கும் கண் மஞ்சளித்தது. மருத்துவமனையில் அடுத்தடுத்த கட்டில்கள். சேலம் கைவிட்டுப் போன கசப்பில், படுத்தபடியே வாதிட்டோம். காமாலைக்குக் காரணம் விடுதியின் தண்ணீர்த் தொட்டியே என்று நான் அடுக்கடுக்காய்ச் சான்று வைத்தேன். மற்ற நோயாளிகளும் தலையசைத்தார்கள்.

"முடிச்சிட்டீங்களா தலைவரே? உங்க ஆஸ்டல் தண்ணிய ஒரு வாய் நான் குடிச்சதில்லீங்களே. எனக்கு வூட்டுத் தண்ணிதாங்க" என்றான் பாப்பிரெட்டிப்பட்டிக்காரன்.

கேட்டுக்கொண்டிருந்த இளம் மருத்துவர் அருகே வந்தார்.

"அப்ப ரெண்டு பேரும் ஒரே எடத்துல ஊசி ஏதும் போட்டுக்கிட்டீங்களா?"

முகாமைச் சொன்னோம். அதன்பின் காமாலையோடு வந்த ஒவ்வொரு மாணவனிடமும் அவர் பல்லைப் பற்றியே கேட்டார். வந்த அனைவரும் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள்.

எங்களுக்குப் பதிலாகச் சேலம் சென்ற பென்னாகரத்தான் ஒரு மாலை வெள்ளிக் கோப்பையுடன் வந்தான். மருத்துவர் கோப்பையைப் பார்க்கவில்லை. அவனது கீழிமையை இழுத்துப் பார்த்தார். துளி மஞ்சள் இல்லை.

"நீயும் அங்க பல்லு புடுங்கினியா தம்பி? ஊசி?"

"இல்லீங்க சார். பயங்க."

"ஒன்னத்தான் தேடிக்கிட்டிருந்தேன். அதே முகாம், ஊசி மட்டும் இல்ல; காமாலையும் இல்ல" என்றார் அவர்.

அவர் அகன்றபின் நண்பன் கோப்பையில் குளுக்கோஸ் கரைத்தான். முதலில் எனக்கு; பிறகு பக்கத்துக் கட்டிலுக்கு. சேலத்தில் எனக்காகக் காத்திருந்த கைதட்டலை மறக்கடித்த இனிப்பு அது.

"நீ குடிக்கலையாடா?" என்றேன்.

"பயங்க தலைவரே" என்றான், எங்கள் இருவர் வாயும் பட்ட கோப்பையை வாங்கிக்கொள்ளாமலே.