புளி போட்டு மினுக்கிய வெண்கலம்

“நீ வடிவா விளங்கித்தான் சொல்றியோ, பிள்ளை?” ஆட்கள் பிரெஞ்சில் பேசுவதை நான் தமிழில் சொல்லும்போதெல்லாம் அப்பா கேட்பார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போன எனக்கு ரோசம் வரும்.

இன்று புளி கரைத்தபோது, சுவிஸின் லோசான் நகரில் சீனக் கடைகள் நிறைந்த தெருவில் அவர் நடத்திய பழம்பொருள் கடை நினைவில் எழுந்தது. அங்கே இப்போது கைபேசி விற்கிறார்கள். பள்ளியில்லாத புதன் பின்னேரங்களில், ஊதுபத்தியும் பழைய மரமும் மணக்கும் பின்னறையில் அம்மாவோடு உட்கார்ந்து, பச்சை பூத்த வெண்கலச் சிலைகளை வீட்டுக் குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்ப்பேன். ஒருநாள் அடுத்த கடைச் சீனப் பெண்மணி பதறிப்போய் என்னிடம் பிரெஞ்சில், அந்தப் பச்சைக்காகத்தான் ஆட்கள் வாங்குகிறார்கள், தேய்க்க வேண்டாமென்று அம்மாவிடம் சொல் என்றார்.

“என்னவாம்?” அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது.

“நல்ல வடிவாம்,” என்றேன்.

“பின்னை? ஊத்தையோட ஆர் வாங்குவினம்!”

வந்தவர்கள் புதுச் சாமானென்று நினைத்துத் திரும்பிப் போனார்கள். அடுத்த குளிர்காலத்தில் கடையை மூடிவிட்டு, அப்பா மருத்துவமனைத் துப்புரவு வேலைக்குப் போனார். தனக்கு ராசியில்லை என்றே இன்றும் சொல்கிறார்.

இருவரிடமும் உண்மையைச் சொல்ல, அவர்கள் வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஏறிவிட்டேன்.