மூக்கு வழியே ஒரு ஆபரேஷன்

ஹார்மோன் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது உட்கார்ந்த இடத்து வேலை என்று உங்களிடமும் யாராவது சொன்னார்களா? என்னிடம் சொன்னார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது முடித்தவள் நான். மகளை அங்கன்வாடியில் விட்டுவிட்டு ராஜகீழ்ப்பாக்கத்துக்கு ஓடிவருவேன். சர்க்கரை, தைராய்டு என்றால் தப்பித்தோம். கார்டிசால் என்ற ஹார்மோன் அளவு மீறி, முகம் உருண்டு, வயிறு பெருத்து, கைகால் மட்டும் மெலிந்து வருகிறவர்களுக்கு டெஸ்டை விளக்கி நாக்கு வறண்ட கதை, நம்மைப் போல டோக்கன் மேஜைக்குப் பின்னால் உட்காருகிறவர்களுக்குத்தான் தெரியும்.

ஐஸ் பெட்டி

மீன் விற்கும் கன்னியம்மா அக்காவிடம் பெரிய கேனைக் கொடுத்தேன். "காலைல முதல் தடவை போறதை விட்டுடுங்கக்கா. அப்புறம் மறுநாள் காலை வரைக்கும் சிறுநீர் மொத்தமும் இதுல வரணும். ஜில்லுனு வைக்கணும்" என்றேன். ஒருநாள் வீட்டில் இருப்பார் என்று நினைத்தது என் தப்பு. தனியாக ஒரு தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, கேனை அதில் புதைத்து, மீனோடு மீனாக செம்பாக்கம் முழுக்கச் சுற்றியிருக்கிறார்.

லேபில் அவ்வளவு ஜில்லென்று ஒரு சாம்பிளைப் பார்த்ததில்லையாம். அக்கா சொன்னார்: "ஒரு வூட்டம்மா தொறந்து பாத்துட்டு, இன்னாடி, மோரும் விக்கிறியானுது. அது டாக்டரம்மா ஆர்டரு, தொடாதனு சொல்லிட்டேன்."

கணக்கு வாத்தியார்

அக்காவைப் போலவே உருண்டை முகத்தோடு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரும் வருவார். "ஒரே மூஞ்சி, அவருக்கு மட்டும் இன்னாத்துக்கு ஸ்கேன் இல்ல?" என்று, சிறுநீரில் கார்டிசால் எகிறியதால் ஸ்கேனுக்குப் போகவிருந்த அக்காவுக்குக் குறை. அவருக்கு வந்தது, மூச்சிரைப்புக்காக வருஷக்கணக்கில் தானே வாங்கி விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரையால். சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது; அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதுதான் வைத்தியம்.

அவரோ ஒரே நாளில் நிறுத்திவிட்டு, எங்கள் வாசலிலேயே மயங்கி விழுந்தார். தெளிந்ததும் சொன்னார்: "முப்பது வருஷம் பசங்களை ஸ்டெப் ஸ்டெப்பா போடச் சொன்னவன், நேரா விடையை எழுதிட்டேன்மா."

நாலு வழி

ஸ்கேனில் அக்காவுக்கு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் சின்னக் கட்டி. டாக்டரம்மா விரல் விட்டு எண்ணி வழிகளைச் சொன்னார். மூக்கு வழியாக அதை எடுக்கலாம், அதுதான் முதல் வழி. மாத்திரையால் கார்டிசாலை அடக்கலாம், கட்டி அங்கேயே இருக்கும். கதிர்வீச்சு கொடுக்கலாம், பலன் தெரிய நாளாகும். சிறுநீரகத்து மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் இரண்டையும் எடுக்கலாம், ஆயுசுக்கும் மாத்திரை.

அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டார். "மார்க்கெட்டுல மீன் செவுள்ல சாயம் பூசிக் குடுப்பான் டாக்டரம்மா. கண்ணு ஏமாந்துடும், மூக்குதான் சொல்லும். வாசன போச்சுனா யாவாரம் போச்சு." டாக்டரம்மா, "கொஞ்ச நாள் குறையும், முக்கால்வாசி பேருக்குத் திரும்பிடும். சத்தியம் பண்ணித் தரமாட்டேன்" என்றார். அதற்குள், கார்டிசால் எலும்பை அரித்திருந்ததில், கூடை தூக்கியதற்கே அக்காவின் விலா எலும்பு ஒன்று விரிசல் விட்டிருந்தது. சர்க்கரை வேறு. ஒரு வாரம் கழித்து வந்தார். "மூக்கு போனா மருமவ மூக்க வெச்சு வாங்கிக்குவேன். நானே போயிட்டா அதுக்கு மீன் யாரு காட்டித் தர்றது? எழுதிக்கோ தேதிய."

மூன்றாம் மாதம்

கட்டியை எடுத்தாயிற்று. சொந்த கார்டிசால் ஊறும் வரை மாத்திரை. குனியாதே, கூடை தூக்காதே, மூக்கைச் சிந்தாதே என்று ஆயிரம் தடை. "மல்லிப்பூவும் மத்தி மீனும் மூக்குக்கு ஒண்ணாத்தான் கீது" என்று அக்கா போனில் சொன்னார்.

மூன்றாம் மாதம் கன்னத்து எலும்பு தெரிய ஒரு அம்மா தூக்குவாளியோடு நின்றார். "பேரு சொல்லுங்க" என்றேன். அக்காதான். சிரித்தவர் சட்டென்று நிறுத்தி, என் டிபன் பாக்ஸ் பக்கம் முகத்தைத் திருப்பினார். "நேத்து சாம்பாரா? வூசிப்போச்சு."

திறந்து பார்த்தேன், நுரைத்திருந்தது. டாக்டரம்மா மூக்குக்குள் லைட் அடிக்கும் முன்பே ரிசல்ட்டைக் கொடுத்துவிட்டது என் சமையல்தான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தூக்குவாளியை என் பக்கம் தள்ளினார்.

"அத்தக் கொட்டிட்டு இந்த வஞ்சிரக் கொழம்பத் துன்னு கண்ணு, டாக்டரம்மாவுக்கு மட்டும் ஒரு துண்டு மிச்சம் வையி."