வெட்டச் சொன்ன நூறு ரூபாய்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய நூறு ரூபாய் நோட்டு இருக்கிறது. அதைச் செலவழிக்க எனக்கு உரிமையில்லை. எங்கள் எம்.எல்.ஏ. அண்ணாச்சிக்கு வந்த நோட்டு அது. அவர் காலமான பிறகு, உதவியாளனாக இருந்த என்னிடம் தங்கிவிட்டது.

அண்ணாச்சி விருதுநகரில் மிளகாய் வற்றல் வியாபாரம் பார்த்தவர். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் எதிர்க்கட்சி உறுப்பினர். பட்டாசு ஆலையில் யாருக்காவது உடம்பு வெந்தால் மதுரைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தொகுதிக்கு ஒரு தீக்காய வார்டு வாங்காமல் விடுவதில்லை என்று அண்ணாச்சி ஒற்றைக்காலில் நின்றார். ஆனால் சட்டமன்றத்தில் நினைத்தபோதெல்லாம் எழுந்து பேசிவிட முடியுமா? துறைக்கு அரசு நிதி கேட்கும்போது கூடுதலாகக் கொடுங்கள் என்று தீர்மானம் போட உறுப்பினருக்கு வழியில்லை. குறையுங்கள் என்றுதான் போடலாம். நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுத்தால் அந்தத் துறையின் குறையைப் பேசலாம். யாரும் நிஜமாக வெட்டப் போவதில்லை. அண்ணாச்சியும் கொடுத்தார், வார்டு கேட்டு முழங்கினார். மறுநாள் பத்திரிகையில் முழக்கத்தைக் காணோம். சுகாதாரத் துறைக்கு நூறு ரூபாய் குறைக்கச் சொன்னார் என்ற ஒரு வரிதான் வந்திருந்தது.

சாத்தூர் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் எங்களை மறித்தாள். பட்டாசு ஆலையில் வெந்துபோன கணவனைப் பார்க்க மதுரைக்குக் கிளம்பியிருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாயை நீட்டினாள்.

"அந்த நூறை நான் தாரேன் அண்ணாச்சி. வெட்டச் சொல்லாதீக. இங்கனயே ஒரு வார்டு கேளுங்க."

அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. டீ வாங்கிக் கொடுத்து விதியை விளக்கினார். "கூடக் கேக்குறதுக்குக் குறைக்கச் சொல்லணுமா? நல்ல சபைதான் போங்க!" என்று சிரித்தவள், நோட்டை அவர் கையில் திணித்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

அடுத்த ஆண்டும் அதே துறை, அதே நூறு ரூபாய் வெட்டு. இந்த முறை அண்ணாச்சி எழுதிக்கொண்டு போனதை மடித்து வைத்துவிட்டு நோட்டை உயர்த்திப் பிடித்தார். அவையில் பொருளைக் காட்டக் கூடாது என்று சபாநாயகர் கடிந்தார். "காட்டலைங்க ஐயா, குறையுற நூறைச் செலுத்த வந்திருக்கேன்" என்று தொடங்கி, அவள் சொன்னதை அப்படியே சொன்னார். அவை குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்த அமைச்சர் பதிலுரையில் வார்டை அறிவித்தார்; அண்ணாச்சி தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார். பார்வையாளர் மாடத்தில் எனக்கு விசிலடிக்க வாய் துறுதுறுத்தது. அதற்கும் விதியில் இடமில்லை.

வார்டு திறந்த அன்று நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனார். தேறிவந்த கணவன் பக்கத்தில் நிற்க, அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே வச்சுக்கோங்க அண்ணாச்சி. அடுத்த தடவை வெட்டணும்ல?"

போன வாரம் அந்த வார்டுக்குப் போயிருந்தேன். கட்டில்கள் போதவில்லை என்கிறார்கள். சுகாதாரத் துறை விவாதம் சீக்கிரமே வருகிறது, இப்போதைய எம்.எல்.ஏ.வும் எதிர்க்கட்சிதான். இதை எழுதி முடித்ததும் மேசைக் கண்ணாடியைத் தூக்கப் போகிறேன்.