எண்பதுக்குக் கீழே

தொழிற்சாலை கேன்டீனில் அவளை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எண்ணூறு பேருக்கு மதியச் சாப்பாடு அவள் கைப்பக்குவம். வீட்டில் அவளுக்கு வேறு பெயர். பள்ளிச் சீருடைக்கு அவளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு மீட்டர் துணி எடுக்க வேண்டியிருந்த அன்றைக்குத் தம்பி வைத்தது: பீப்பா. அவளுக்கு நாற்பத்தேழு வயதான பிறகும் அவன் போனில் அந்தப் பெயரில்தான் அவளுடைய எண் இருந்தது. அவள் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொண்டால் இன்னும் பத்துப் பேர் முன்னால் கூப்பிடுவான் என்பது சின்ன வயதிலேயே அவளுக்குத் தெரிந்த விஷயம்.

அந்தத் தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், ரத்தத்தைச் சுத்தப்படுத்தும் இயந்திரத்தோடு படுத்துக் கிடந்தான். தானம் கொடுக்க அவன் மனைவிக்கு ஆசைதான், ஆனால் பொருந்தவில்லை. அக்காவுக்குப் பொருந்தியது. எல்லாச் சோதனையிலும் பாஸான அவள் ஒன்றில் மட்டும் பெயில். தொண்ணூற்றோரு கிலோ இருந்தாள். எண்பதுக்குக் கீழே வந்தால்தான் அறுவை சிகிச்சை என்று மருத்துவமனையில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"பாத்தியா பீப்பா, நாப்பது வருஷமா உன் உடம்பைக் கிண்டல் பண்ணினேன். இப்ப அதுகிட்டயே கையேந்த வேண்டியிருக்கு," என்றான் தம்பி.

"வாயை மூடுடா. கொடுக்கிறதுக்கு முன்னாடி மனசு மாறிடப் போவுது," என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து சிரித்தது கிட்டத்தட்ட அதுதான் கடைசி.

முதலில் முட்டைகோஸ் சூப். தம்பி மனைவி ஏதோ ஒரு வீடியோவில் பார்த்தது. மூன்று வேளையும் அதே சூப், வேறொன்றும் கிடையாது. மூன்று வாரத்தில் ஏழு கிலோ இறங்கியது. தம்பி மனைவி உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். நாலாவது வாரம் கேன்டீனில் கொதிக்கிற அண்டாவைத் துழாவிக்கொண்டிருந்தவள் மயங்கிச் சாய்ந்தாள். முன்கை வெந்துபோனது. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்த நாட்களில் பசி ஒரு மிருகம்போல் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு மாதத்தில் தொண்ணூற்றிரண்டு.

அடுத்தது உறவுக்காரர்கள் சிபாரிசு செய்த எடை குறைக்கும் மாவு. டப்பாவில் வரும், பாலில் கலக்கிக் குடிக்க வேண்டும், சாப்பாட்டைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. ஆறு வாரத்தில் எண்பத்து மூன்று வரை வந்தாள். இன்னும் மூன்றே கிலோ. அந்தச் சமயத்தில் மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். "யார் உங்களை இப்படிப் பட்டினி கிடக்கச் சொன்னது?" என்று டாக்டர் சத்தம் போட்டார். பித்தப்பையை எடுத்தார்கள். தேறி எழுந்து வேலைக்குப் போய்க் கொஞ்ச நாளில் தொண்ணூற்றைந்து.

தோற்றது அவள் மட்டும் என்பதுபோல்தான் தம்பி வீட்டில் பேச்சு. மாவைச் சிபாரிசு செய்தவர்கள் யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

மருத்துவமனையிலேயே தானம் கொடுப்பவர்களைப் பார்ப்பதற்கென்று ஓர் உணவு ஆலோசகர் இருந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். எதையும் தடை செய்யாமல் முதலில் ஒரு கேள்வி கேட்டாள்.

"எதை உங்களால விடவே முடியாது?"

மாஸ்டருக்குத் தயக்கம். "மூணு மணி டீ. நல்லா இனிப்பா. அண்டாவெல்லாம் கழுவி வெச்சுட்டு உக்காந்து குடிப்பேன்."

"சரிம்மா, அது இருக்கட்டும்."

அவளுக்கு நம்ப முடியவில்லை. அவளிடம் எதையாவது வைத்துக்கொள்ளச் சொன்ன முதல் ஆள் இவள்தான். மற்றதெல்லாம் சாதாரணம். தட்டில் பாதி காய், சோறு ஒரு கரண்டி குறைவு, தினமும் அரை மணி நேரம் நடை, வாயில் போடுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுத வேண்டும். வாரத்துக்கு அரைக் கிலோ. எண்பதைத் தாண்டி இறங்க ஏழு மாதமாவது ஆகும்.

அந்த ஏழு மாதத்தைத் தம்பி வீட்டில் போய்ச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அங்கே சாப்பாட்டு மேசையில் ஏற்கெனவே ஒரு விளம்பரத் தாள் அவளுக்காகக் காத்திருந்தது. ஆறு வாரம், பதினைந்து கிலோ, ஊசியும் உண்டு.

"ஏழு மாசமா? குழந்தையே பொறந்துடுமே," என்றான் தம்பி. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"அண்ணி, இவரைப் பாருங்க. ஏழு மாசம் தாங்குற மாதிரியா இருக்காரு?" தம்பி மனைவி தாளை அவள் பக்கம் தள்ளினாள். "ஆறே வாரம். பல்லைக் கடிச்சுக்கிட்டா முடிஞ்சுது."

"ரெண்டு தடவை கடிச்சாச்சும்மா. கையும் வெந்தது, பித்தப்பையும் போச்சு. மூணாவது தடவை எதையாவது கெடுத்துக்கிட்டா, அப்புறம் ஆஸ்பத்திரியில என்னை வாசல்லயே நிறுத்தி அனுப்பிடுவாங்க. இவனுக்கு ஒண்ணும் கிடைக்காது."

"மனசு இருக்கிறவங்களுக்கு உடம்பு கேக்கும், அண்ணி."

தம்பி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தண்ணீர் டம்ளரை எடுத்தான், அவனுக்கு அளந்து கொடுத்த தண்ணீரில் ஒரு வாய் குடித்தான், வைத்துவிட்டான். அவள் தாளை மடித்து அவர்களிடமே கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

மெதுவாகப் போகிற திட்டம் என்றுதான் தேர்ந்தெடுத்தாள். ஆனால் முதல் மூன்று வாரமும் எடை ஒரே இடத்தில் சண்டித்தனம் பண்ணியது. ஆலோசகர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலை, மதியம், மாலை, எல்லாம் சொன்னபடிதான் இருந்தது.

"ஏதாவது விட்டுட்டீங்களாம்மா?"

"சத்தியமா இல்ல. வேலை நேரத்துல தண்ணியைத் தவிர எதுவும் வாயில படாது."

"சமையல் வேலைன்னீங்க. உப்பு உறைப்பெல்லாம் எப்படிப் பாப்பீங்க?"

"ருசி பாப்பேன். அது சாப்பாடா?"

ஆலோசகர் நோட்டை மூடினாள். பிறகு ஒரு மூடி போட்ட டப்பாவைக் கொடுத்து, ஒருநாள் முழுக்க, ருசி பார்க்கும்போதெல்லாம் அதே அளவை இதில் போட்டு வாருங்கள் என்றாள்.

இருபத்திரண்டு வருஷமாகச் சமைக்கிற எவருக்கும் இது சாப்பாடு என்று தோன்றாது. ஒன்பது அண்டா. ஒவ்வொன்றிலும் உப்புப் போடும் முன் ஒரு கரண்டி, போட்ட பின் ஒரு கரண்டி, இறக்கும்போது ஒன்று. பொரித்தது வெந்திருக்கிறதா என்று ஓரத்தில் ஒரு துண்டு. சோறு பதமா என்று ஒரு பிடி. நாக்கு தன் பாட்டுக்குச் செய்யும் வேலை, மூச்சு விடுவதுபோல. மதியம் பன்னிரண்டு மணிக்கே டப்பா நிரம்பி, ஒரு பாத்திரத்தையும் எடுக்க வேண்டியிருந்தது.

கூட வேலை பார்ப்பவளுக்குக் கண்ணாடி ரொம்பத் தடிமன், அதனால் சோடா என்று பெயர். அவள் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, இது ரெண்டு ஆள் சாப்பாடு! இத்தனையும் உள்ள போட்டுக்கிட்டா பட்டினி கிடந்தீங்க?"

"உனக்குச் சிரிப்பா இருக்கு. என் கை வெந்ததுக்கும் இதான்டி காரணம். சூப்பு, மாவுன்னு கிடந்த நாள்ல அண்டா வாசனையே பிடிக்காம ருசி பாக்கிறதும் பாதியாக் குறைஞ்சுபோச்சு. அதான் அப்ப மட்டும் இறங்கிச்சு."

அடுத்த நாளிலிருந்து ருசி பார்க்கும் கரண்டி சோடாவிடம் போயிற்று. சோடா நல்லவள்தான், நாக்குத்தான் உப்புக்குப் பழகிய நாக்கு. ஒரு வாரத்தில் புகார் வந்தது. இரண்டாவது வாரம் யாரோ தட்டை அப்படியே மேலாளர் மேசையில் கொண்டுபோய் வைத்தார்கள். மேலாளர் அவளைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், ருசி பாக்க மாட்டேன்னா எப்படி?"

"ஏழு மாசம்தாங்க. தம்பிக்கு..."

"புரியுது. அதுவரைக்கும் பரிமாறுற இடத்துக்குப் போங்க. அடுப்புக்கு வேற ஆள் போட்டுக்கிறேன்."

தட்டு நீட்டுகிறவர்களுக்குச் சோறு போடும் வேலை. புதிய மாஸ்டர் வந்தார், நன்றாகவே சமைத்தார். அவளை இப்போது யாரும் மாஸ்டர் என்று கூப்பிடவில்லை. "இங்க ஒரு கரண்டி" என்றார்கள்.

எடை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது. தொண்ணூற்று மூன்று, தொண்ணூறு, எண்பத்தெட்டு. ஒரு வாரம் நின்றது, அடுத்த வாரம் இறங்கியது. அவள் ஒவ்வொரு தடவையும் தம்பிக்கு எண்ணை மட்டும் அனுப்புவாள். அவன் பார்த்ததற்கு அடையாளம் வரும், பதில் வராது. ஒருநாள் தம்பி மனைவி பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், போனில், யாரிடமோ. "கொடுக்க இஷ்டம் இல்லாதவங்க இப்படித்தான் நாளைக் கடத்துவாங்க." அவள் வாங்கிப்போன பழத்தை வாசல் அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் நோட்டில் எழுதினாள்: மூன்று பிஸ்கெட், பசிக்காமல் சாப்பிட்டது.

எண்பத்தோரு கிலோவில் இருந்தபோது போன் வந்தது. முதலிலேயே பதிந்து வைத்திருந்த காத்திருப்போர் பட்டியலில் தம்பியின் முறை வந்துவிட்டது. விபத்தில் இறந்த யாரோ ஒருவரின் சிறுநீரகம். அவள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவனை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

நன்றாக முடிந்தது. பத்து நாள் கழித்துப் பார்க்க விட்டார்கள். அவன் முகத்தில் பழைய நிறம் திரும்பியிருந்தது. அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம், கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது.

"நல்லவேளை, உன்னை நம்பிக்கிட்டு இருக்கல," என்றான்.

"ஒரு கிலோதான்டா பாக்கி இருந்தது."

"சரி விடு. தப்பிச்சிட்ட இல்ல, போய் நல்லாச் சாப்பிடு."

தம்பி மனைவி அவனுக்குத் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுவாரம் வழக்கமான கிழமையில் அவள் ஆலோசகர் அறைக்குப் போனாள். போகக் கூடாது என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷின் பக்கத்தில் நின்றாள். ஆலோசகர் கணினியைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"அம்மா, உங்க கோப்பை மூடிட்டாங்க. இந்தப் பிரிவு தானம் கொடுக்கிறவங்களுக்கு மட்டும்தான். பொதுப் பிரிவுக்குச் சீட்டு எழுதித் தரேன். அங்க ஒரு வருஷமாவது காத்திருக்கணும்."

"எழுத வேண்டாம். சும்மா ஏறி மட்டும் பாக்கட்டுமா?"

"அடுத்தவங்க வந்துட்டாங்கம்மா." ஆலோசகருக்கும் அதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது.

வாசலில் கனத்த உடம்போடு ஒரு பெண் நின்றிருந்தாள். பக்கத்தில் அவள் கணவன், கையில் அதே மருத்துவமனைக் கோப்பு. யாருக்கோ கொடுக்க வந்திருக்கிறாள். செருப்பை மாட்டிக்கொண்டே அவள் அந்தப் பெண்ணிடம் சொன்னாள்:

"முதல் ரெண்டு மூணு வாரம் குறையலைன்னா பயந்துடாதீங்க. மெதுவாத்தான் இறங்கும்."

அந்தப் பெண் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கணவன் முந்திக்கொண்டான்.

"அவ்வளவு நாளெல்லாம் எங்களுக்கு இல்லீங்க."