நித்திரை கொள்ளாமல் வாங்கோ

மற்றவையின்ரை தலையிலை கைவைச்சால்தான் சம்பளம் எண்டு ரெண்டு தொழில் இருக்குது. ஒண்டு முடிவெட்டுறது, மற்றது என்ரை. பிரான்சிலை, பரிஸ் நகரத்திலை, தமிழ்க் கடையள் நிறைஞ்ச லாச்சப்பலுக்குக் கிட்ட ஒரு ஆஸ்பத்திரியிலை மூளை அலை எடுக்கிறன். தலை முழுக்கச் சின்னச் சின்ன வயர் ஒட்டி, மூளை தன்ரை பாட்டிலை உண்டாக்கிற மெல்லிய மின்சாரத்தைத் திரையிலை கோடு கோடாய் விழப்பண்ணுற வேலை. வலிப்பு இருக்கோ எண்டு பாக்கத்தான் கனபேரை அனுப்புவினம். சிலபேரை முதல்நாள் இரவு நித்திரை கொள்ளாமல் வரச் சொல்லுவம். நல்லாய்க் களைச்ச மூளை, மற்ற நேரத்திலை காட்டாததையும் காட்டிப்போடும்.

என்ரை வீட்டு நிலைமையையும் சொல்லிப்போடுறன், உங்களிலை பாதிப்பேருக்கு அதே நிலைமைதானே. நாங்கள் இருக்கிறது நகரத்துக்கு வெளியிலை, ஸ்தேன் எண்ட ஊரிலை. இவர், என்ரை மனுசன், பின்னேரத்திலை றெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவி, அங்கையிருந்து நேரே பாண் பக்டரிக்குப் போய், விடியத்தான் வீட்டை வருவார். அவர் உள்ளுக்கு வர நான் வெளிக்கிடுவன். நான் எழும்பின சூட்டிலை அவர் படுப்பார். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கக் குறட்டை. கட்டின மனுசனோடை ஆறுதலாய் இருந்து நாலு கதை கதைக்க ஏங்கிற ஆக்கள் ஆரும் இதை வாசிச்சால், நீங்கள் என்ரை கட்சி.

முழுக்கு

நான் வேலைக்குச் சேர்ந்த புதிசு. ரூ லூயி-பிளாங் தெருவிலை கடை வைச்சிருக்கிற ஒரு அம்மாவுக்கு அடிக்கடி தலை சுத்தி விழுறது. முதல்நாள் நான்தான் போன் எடுத்து, "நாளைக்குத் தலை முழுகிப்போட்டு வாங்கோ அம்மா" எண்டு சொன்னனான். தலைமயிர் சுத்தமாய் இருந்தால்தான் வயர் ஒட்டும்.

அடுத்தநாள் அவ வர முதலே நல்லெண்ணெய் வாசம் வந்திட்டுது. நான் ஒட்ட ஒட்ட வயரெல்லாம் வழுக்கிக்கொண்டு கழுத்துக்கு வருகுது. என்னோடை வேலை செய்யிற பிரெஞ்சுக்காரி நதீன் மணந்து பாத்திட்டு, "மத்தியானச் சாப்பாடு ஏதும் கொண்டுவந்தவவோ?" எண்டு கேக்கிறாள். கடைசியிலை எங்கடை கழுவுற தொட்டியிலை அவவை இருத்தி நானே சம்பூ போட்டுக் கழுவிவிட்டன். "ஏனம்மா எண்ணெய் வைச்சனீங்கள்?" எண்டு கேட்டால், அவவுக்குக் கோவம்.

"நீங்கள்தானே பிள்ளை முழுகச் சொன்னனீங்கள். எண்ணெய் வைக்காமல் செய்தால் அது குளிப்பு."

கறண்ட்

ரெண்டாயிரத்து ஒன்பதிலை சண்டை முடிஞ்ச பிறகு வன்னியிலையிருந்து வந்த ஆக்களும் எங்களிட்டை வரத் தொடங்கிச்சினம். அதிலை ஒருத்தர், முப்பது வயசிருக்கும், மெத்ரோவுக்குள்ளை மயங்கி விழுந்தவர். வயரைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பிட்டார். "கறண்ட் அடிப்பியளோ அக்கா?" எண்டார். ஏன் அப்பிடிக் கேக்கிறார் எண்டு நான் கேக்கேல்லை. எங்கடை பக்கத்திலையிருந்து ஒண்டும் உங்களுக்கு வராது தம்பி, உங்களிட்டை இருக்கிறதுதான் எங்களுக்கு வரும் எண்டு சொல்லி, ஒரு வயரை என்ரை நெத்தியிலை ஒட்டிக் காட்டினன்.

கண்ணை மூடி ஆறுதலாய் இருந்தால் பின்மண்டைப் பக்கம் ஒரு ஒழுங்கான அலை வரும், வடிவாய்ப் பின்னின பாய் மாதிரி. இந்தத் தம்பிக்கு அது வரேல்லை. கண் மூடியிருக்குது, மூளை காவலுக்கு நிக்குது. உங்களுக்குப் பிடிச்ச ஒரு இடத்தை நினையுங்கோ எண்டன். "இடம் வேண்டாம் அக்கா, நீங்கள் ஏதாவது கதையுங்கோ, தமிழ் கேட்டால் காணும்" எண்டார். நானும் எந்தக் கடையிலை முருங்கை இலை நல்லது, எந்தக் கடையிலை வாடல் எண்டு என்ரை பாட்டிலை கதைச்சன். கொஞ்சத்தாலை அந்த அலை வந்துது. எனக்குக் கண் கலங்கிப்போச்சுது, திரும்பி நிண்டு சமாளிச்சன்.

முடிஞ்சு வயர் கழட்டேக்கை, தான் நினைக்கிறது அந்தத் திரையிலை தெரியுமோ எண்டு கேட்டார். முழிப்பு, தூங்கி வழியிறது, நித்திரை, வருத்தம் இருந்தால் அது, இவ்வளவுதான் தெரியும், நினைப்பொண்டும் தெரியாது எண்டன். மனுசன் நிம்மதிப்படுவார் எண்டு பாத்தால், முகம் வாடிப்போச்சுது.

"தெரிஞ்சிருந்தால் நல்லம் அக்கா. வவுனியாவிலை இருக்கிற என்ரை மனிசிக்கு அனுப்பியிருப்பன். போனிலை எனக்குச் சொல்ல வருகுதில்லை."

காவல் இருந்த அப்பா

பொபினியிலையிருந்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. இரவு நித்திரை கொள்ளாமல் வரவேணும், கோப்பி தேத்தண்ணியும் கூடாது. அதாலை பக்கத்திலை ஒராள் இருந்து நித்திரை கொள்ளாமல் பாக்கவேணும். அப்பா இருந்தவர். காலமை வந்தினம். பிள்ளை உசாராய் நிக்கிறாள். அப்பா கதிரையிலை இருந்த கையோடை வாயைத் திறந்தபடி நித்திரை. நதீன் ஆருக்கு வயர் ஒட்டுறது எண்டு கேட்டாள்.

நித்திரை இல்லாட்டி என்ன நடக்கும் எண்டு நான் பிள்ளைக்கு விளங்கப்படுத்தினன்: கவனம் சிதறும், சும்மா எரிச்சல் வரும், இப்ப சொன்னது இப்ப மறக்கும். அவள் எனக்குப் பிரெஞ்சிலைதான் மறுமொழி சொன்னாள். அவளின்ரை அப்பாவும் இரவுவேலை. அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு வந்தது சுத்தப் பொறாமை. ஒரு இரவு முழுக்க ஒராளோடை முழிச்சிருக்க வைத்தியரே உத்தரவு போடுறார். இப்பிடி ஒரு குடுப்பினை எனக்கு வராதோ எண்டு நினைச்சன். பிள்ளை சொன்னது இதுதான்:

"எங்கடை அப்பா பகிடி விடுவார் எண்டு எனக்கு நேற்றிரவுதான் தெரியும்."

கண்ணாடி

அந்தக் குடுப்பினை வந்துது. ஆனால் அப்பிடி வரும் எண்டு நான் நினைக்கேல்லை.

இவர் பக்டரியிலை பாண் தட்டோடை நிண்டநிலையிலை விழுந்திட்டார். என்ன நடந்தது எண்டு அவருக்கே தெரியேல்லை. வலிப்பாய் இருக்கலாம் எண்டு ஒரு வைத்தியர் சந்தேகப்பட்டார். அப்பிடியெண்டால் பாண் சுடுற போறணைப் பக்கமே போகேலாது, எங்கை எப்ப திருப்பி விழுவாரோ எண்டு காலம் முழுக்கப் பயந்துகொண்டிருக்கவேணும். சோதிக்க ரந்தேவு, அதுதான் வரவேண்டிய நாள், தந்தினம், எங்கடை இடத்திலைதான்: இரவு நித்திரை கொள்ளாமல் வரட்டாம். நான் பயந்தது உண்மை. ஒரு இரவு முழுக்க அவரோடை இருக்கலாம் எண்டு மனம் குளிர்ந்ததும் உண்மை. ரெண்டும் ஒண்டாய்த்தான் வந்துது, என்னை என்ன செய்யச் சொல்லுறியள்?

அண்டிரவு குசினி மேசையிலை எதிரும் புதிருமாய் இருந்தம். முதல் கொஞ்சநேரம் ரெண்டுபேருக்கும் வெக்கம். "வேலை எப்பிடிப் போகுது?" எண்டு அவர் கேக்க, "பரவாயில்லை, உங்களுக்கு?" எண்டு நான் கேட்டன். சரியான விசர்க் கூத்து. பேந்து அவர் என்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருந்தார். நித்திரை தூக்குதாக்கும் எண்டு நினைச்சுக் கையைப் பிடிச்சு உலுப்பினன்.

"நீர் எப்ப கண்ணாடி போடத் தொடங்கினனீர்?"

ஒண்டுமில்லையாம்

சொந்தக்காரருக்கு நாங்கள் கைவைக்கிறேல்லை. நதீன்தான் ஒட்டினாள். நான் இந்தப் பக்கம் திரைக்கு முன்னாலை நிண்டன். அவர் கண்ணை மூடின கையோடை ஒழுங்கான அலை வந்துது, பிறகு அது உடைஞ்சு மெதுவாகி, கெதியிலை நல்ல நித்திரை. நான் எத்தினையோபேரின்ரை நித்திரை பாத்தனான், இப்பிடி உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஒருநாளும் பாத்ததில்லை. வலிப்பு இருந்தால் விழுற கூர்முனைக் கோடு ஒண்டாவது வருமோ வருமோ எண்டு பாத்தன். வரேல்லை.

மற்றப் பரிசோதனையளையும் பாத்திட்டு வைத்தியர் சொன்னார், வலிப்பு இல்லை. வருசக்கணக்காய் நித்திரை காணாத மூளை, கண் திறந்திருக்கவே சில விநாடி களவாய் நித்திரை கொள்ளுமாம். அப்பிடித்தான் விழுந்திருக்கிறார். இரவு வேலையை விடச் சொன்னார். நான் வெளியிலை வந்து ஓவெண்டு அழுதன், சந்தோசத்திலைதான். இவர் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, அழுது முடியுமட்டும் நிண்டு, பிறகு கேட்டார்.

"ஒண்டுமில்லை எண்டால், இனி முழிச்சிருந்து வாங்கோ எண்டு சொல்லமாட்டினம், என்ன?"

பாண் பக்டரியை விட்டிட்டார், இப்ப ஒவ்வொரு இரவும் எனக்குப் பக்கத்திலைதான் படுக்கிறார், தலை சாய்ச்ச உடனை வைத்தியர் சொன்னபடி வடிவாய் நித்திரை கொள்ளுறார், முழிச்சிருந்து பாக்கிறது நான்தான்.